கழிவுநீரும் குளோரினும் – ஒரு வரலாற்று நோக்கு

மனித இனம் நகரம் அமைத்து வாழத் தொடங்கிய நாள் முதலாக இரண்டு வினாக்கள் அதனைத் தொடர்ந்து வந்துள்ளன. குடிப்பதற்கு நல்ல நீரை எங்கிருந்து கொண்டுவருவது என்பது ஒன்று. பயன்படுத்திய நீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடையாக ஏரிகளும் கால்வாய்களும் தோன்றின. இரண்டாம் வினாவோ நெடுங்காலம் ஆற்றின் தலையிலேயே சுமத்தப்பட்டது. மேலூரார் கழித்துவிட்ட நீரே கீழூரார்க்குக் குடிநீராயிற்று.

இன்று இவ்விரு வினாக்களும் ஒன்றாகி வருகின்றன. மழையும் நிலத்தடி நீரும் போதாத நகரங்கள், கழிவுநீரையே பல படிகளில் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்துகின்றன. அவ்வாறு தூய்மையாக்கும்போது நோய்க் கிருமிகளைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள், நீரில் எஞ்சியிருக்கும் பிற பொருள்களோடு கூடிப் புதிய பொருள்களைப் பிறப்பித்துவிடுகிறது. இவற்றையே அறிவியலார் கிருமிநீக்கத்தின் துணைவிளைபொருள்கள் என்பர். அறியாமலே உண்டாகி, அறியப்படாமலே நெடுங்காலம் இருந்த இப்பொருள்கள் வெளிப்பட்ட வரலாறு, ஒரு நன்மையை அடைந்த மனிதன் அதன் நிழலையும் கண்டுகொண்ட வரலாறாகும்.

நாற்றமே நோய் என்ற காலம்

குளோரின் என்னும் வளியை 1774ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலார் கார்ல் வில்ஹெல்ம் ஷீல முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அது ஒரு தனிமம் என்பதை 1810ஆம் ஆண்டு உணர்த்திய இங்கிலாந்து அறிஞர் ஹம்ப்ரி டேவி, அதன் வெளிர்பச்சை நிறம் கருதி அப்பெயரைச் சூட்டினார். இதற்கிடையே 1799ஆம் ஆண்டு சார்லஸ் டென்னன்ட் என்பார் சுண்ணாம்பையும் குளோரினையும் சேர்த்துச் சலவைத் தூள் செய்யும் உரிமையைப் பதிவு செய்தார். துணி வெளுக்கப் பிறந்த அத்தூளே பின்னர் நோயை வெளுக்கும் பணிக்கும் வந்து சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவர் பலரும் நோய்க்குக் காரணம் நாற்றமே என்று நம்பினர். 1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு கழிவுநீரால் நிறைந்து தாங்கொணா நாற்றம் வீசியபோது, நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சலவைத் தூள் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டனர். கழிவுநீரோடு குளோரின் கொண்ட தொடர்பு இவ்வாறு நாற்றத்தைப் போக்கும் முயற்சியில் தொடங்கியது.

ஆயினும், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1854இல், ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அதே நகரின் பிராட் தெருவில் வாந்திபேதியால் மாண்டவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அத்தெருவின் அடிகுழாய் நீரே நோயைப் பரப்பியது என்று காட்டியிருந்தார். 1884ஆம் ஆண்டு ராபர்ட் கோக் கல்கத்தாவில் தம் ஆய்வை நிறைவுசெய்து, அந்நோய்க்குரிய கிருமியை உலகிற்கு அறிவித்தார். பகை நாற்றமன்று, கண்ணுக்குத் தெரியாத உயிரே என்பது தெளிவாயிற்று. பகை இன்னதென்று தெரிந்ததும் படைக்கலத்தைத் தேடுவது இயல்பு. அப்படைக்கலம் சலவைத் தூள் வடிவில் ஆயத்தமாகவே இருந்தது.

1908ஆம் ஆண்டின் துணிவு

1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் நச்சுக்காய்ச்சல் பரவியபோது குழாய்களைச் சலவைத் தூளால் தூய்மைப்படுத்தினர். 1905இல் லிங்கன் நகரில் அலெக்சாண்டர் ஹூஸ்டன் குடிநீரில் இடைவிடாது குளோரின் சேர்மத்தைச் சேர்த்தார். எனினும் உலகின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி அமெரிக்காவின் ஜெர்சி நகரிலேயே நிகழ்ந்தது.

அந்நகருக்குக் குடிநீர் வழங்கிய தனியார் நிறுவனத்தின் மீது நகராட்சி வழக்குத் தொடுத்திருந்தது. நீர்த்தேக்கத்திற்கு நீர் வரும் பகுதியில் உள்ள ஊர்களின் கழிவுநீர் அதிற் கலக்கிறது. ஆதலால் ஒப்பந்தப்படி தூய நீர் வழங்கப்படவில்லை என்பதே வழக்கு. அக்கழிவுநீரைத் திருப்பிவிடக் கால்வாய்கள் கட்டுவது ஒரு வழி. அது பெருஞ்செலவு பிடிப்பது. நிறுவனத்தின் சார்பில் பணியாற்றிய மருத்துவர் ஜான் லீல், வேறொரு வழியைத் தெரிந்தெடுத்தார். ஜார்ஜ் புல்லர் என்னும் பொறியாளர் அமைத்த கருவியின் துணைகொண்டு, 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் முதல், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கோடி கேலன் நீரில் சலவைத் தூள் கரைசல் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கப்பட்டது. நகராட்சியின் வழக்கறிஞர்கள் குடிநீரில் நஞ்சு கலப்பதாகச் சீறினர். ஆயினும் 1910ஆம் ஆண்டு வெளிவந்த வழக்கு விசாரணை அறிக்கை லீலின் முறையை ஏற்றுக்கொண்டது.

அதன் பின்னர் அமெரிக்க நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இம்முறையை மேற்கொண்டன. மணல் வடிகட்டியும் குளோரினும் கைகோத்த இடங்களிலெல்லாம் நச்சுக்காய்ச்சல் பின்வாங்கியது. பெற்றோர் பிள்ளைகளைப் புதைக்கும் கொடுமை குறைந்தது. இந்நன்மையை எக்காலத்தும் மறத்தல் தகாது.

ஆயினும் இவ்வழக்கில் பொதிந்துள்ள மற்றோர் உண்மையும் நினைக்கத்தக்கது. கழிவை நீரிலிருந்து விலக்குவதற்கு மாற்றாகவே அங்குக் குளோரின் வந்தது. அது மலிவானது, விரைவானது. கிருமி செத்தது, ஆனால் அழுக்கு போகவில்லை. கால்வாய் கட்டும் செலவை மிச்சப்படுத்திய அந்த மலிவுக்கு ஒரு விலை உண்டு என்பது தெரியவர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

செத்த கிருமியும் சாகாத அழுக்கும்

குளோரினுக்கு இன்னது கிருமி, இன்னது இலைச்சாறு என்று பிரித்தறியத் தெரியாது. எதிர்ப்படும் எதனோடும் அது வினைபுரியும். உதிர்ந்து மக்கிய இலைதழைகளின் சாறு, மனிதக் கழிவில் எஞ்சிய கரிமப் பொருள்கள், சலவைக்கட்டி, மருந்து ஆகிய யாவும் அதற்கு இரையே. அவ்வாறு வினைபுரியும்போது குளோரின் அணுக்களுள் மிகச் சிறு பகுதி அப்பொருள்களின் மூலக்கூறுகளுக்குள்ளேயே புகுந்து நிலைபெற்றுவிடுகிறது. வேதியியல் ஏட்டில் இது பழைய செய்தி. ஆனால் அவ்வளவு சிறிய அளவைக் காணும் கருவி இல்லாத வரையில், அது யாருடைய கவலைக்கும் உரியதாகவில்லை.

வளிநிலை வண்ணப்படிவுப் பிரிகை என்னும் ஆய்வுமுறையும், அதனோடு இணைந்த பொருண்மை நிறமாலைக் கருவியும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியதும் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் ஜோலி என்னும் ஆய்வாளர், துப்புரவு செய்த கழிவுநீரைக் குளோரினிட்டு ஆராய்ந்து, அதில் குளோரின் ஏறிய கரிமப் பொருள்கள் பலவற்றைக் கண்டார். அவருடைய ஆய்வேடு 1973ஆம் ஆண்டு வெளிவந்தது. சேர்க்கப்பட்ட குளோரினில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இத்தகைய பொருள்களில் நிலைபெறுவதை அவர் காட்டினார். ஒரு பங்குதானே என்று தள்ளிவிடலாம். ஆனால், குளோரின் ஆயிரக்கணக்கான டன் அளவில் கழிவுநீரில் கொட்டப்பட்ட நாட்டில் அந்த ஒரு பங்கும் சிறிதன்று.

மறு ஆண்டு, 1974இல், ஹாலந்து நாட்டின் ரோட்டர்டாம் நகர நீர்நிலையத்தைச் சேர்ந்த யோஹானஸ் ரூக் ஒரு கட்டுரை வெளியிட்டார். பானத்தின் மேலெழும் ஆவியைப் பிடித்து அதன் மணப்பொருள்களை ஆராய்வதுபோல், அவர் நீரின் மேலெழும் ஆவியைப் பிடித்து ஆராய்ந்தார். குளோரினிட்ட பின் அந்நீரில் குளோரோபாமும், அதன் இனத்தைச் சேர்ந்த புரோமின் ஏறிய மூன்று பொருள்களும் தோன்றியிருந்தன. குளோரினிடுவதற்கு முன்போ அவை அந்த அளவில் இல்லை. ஆகவே அவை ஆற்றோடு வந்தவை அல்ல. தூய்மை செய்யும் கூடத்திலேயே பிறந்தவை. இந்நான்கும் சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்கள் எனப் பெயர் பெற்றன. அதே ஆண்டு அமெரிக்காவின் பெல்லர், லிச்டன்பர்க், குரோனர் என்னும் மூவரும் தனியே இம்முடிவுக்கு வந்தனர்.

1975இல் அமெரிக்கா 80 நகரங்களின் குடிநீரை ஆராய்ந்தபோது, குளோரினிட்ட நீர் அனைத்திலும் குளோரோபாம் காணப்பட்டது. 1976இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், மிகுந்த அளவில் குளோரோபாம் ஊட்டப்பட்ட எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாவதை அறிவித்தது. 1979இல் டிரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. பதினாயிரம் லிட்டர் நீரில் ஒரு கிராம் என்பதே இதன் பொருள். 1998இல் அவ்வரம்பு 80 ஆகக் குறைக்கப்பட்டது. ஹாலோ அசெட்டிக் அமிலங்கள் ஐந்திற்கும் 60 மைக்ரோகிராம் என வரம்பு வந்தது.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு’ என்பது தமிழர் பழமொழி. இங்கோ அளவு மட்டும் காரணமன்று, சேர்க்கையும் காரணம். தூய நீரில் சேர்ந்த குளோரின் ஏறக்குறையத் தீங்கற்றது. அழுக்கு நீரில் சேர்ந்த அதே குளோரின் புதிய பொருள்களுக்குத் தாயாகிறது.

அம்மோனியாவின் இடையீடு

கழிவுநீரின் இயல்பு ஆற்றுநீரின் இயல்பினின்றும் வேறுபட்டது. அதில் சிறுநீரின் வழிவந்த அம்மோனியா மிகுந்திருக்கும். குளோரின் சேர்ந்தவுடன் முதலில் அம்மோனியாவோடு கூடிக் குளோரமின் என்னும் பொருளாகிவிடுகிறது. குளோரமினும் கிருமியைக் கொல்லும். ஆனால் மெதுவாகக் கொல்லும். அதனால் உண்டாகும் டிரைஹாலோமீத்தேன்கள் மிகக் குறைவு. எனவே கழிவுநீரில் அச்சத்திற்கு இடமில்லை என்று கருதத் தோன்றும்.

அக்கருத்து இரு வகையில் பொய்த்தது. முதலாவது, ஆற்றில் விடப்பட்ட கழிவுநீரில் எஞ்சிய குளோரமின் மீன்களைக் கொன்றது. லிட்டருக்கு மில்லிகிராமின் நூற்றில் சில பங்கே பல மீன் இனங்களுக்குத் தீங்காகும் என்பதை 1970களின் ஆய்வுகள் நிறுவின. அதன் விளைவாகக் குளோரினிட்ட நீரை ஆற்றில் விடுமுன் கந்தகச் சேர்மங்களால் அந்த எச்சத்தை நீக்கும் வழக்கம் பரவியது. புறஊதாக் கதிரால் கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் முறையும் செல்வாக்குப் பெற்றது.

இரண்டாவது தீங்கு மெல்லத்தான் வெளிப்பட்டது. அது நிகழ்ந்த இடம் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம்.

ஆரஞ்சு மாவட்டம் கற்ற பாடம்

கடலோரத்தில் உள்ள அம்மாவட்டத்தில் கிணற்றுநீரை மிகுதியாக இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்தது. அதனைத் தடுக்க, துப்புரவு செய்த கழிவுநீரை நிலத்திற்குள் செலுத்தி ஒரு நீர்ச்சுவர் எழுப்பத் திட்டமிட்டனர். ‘வாட்டர் பாக்டரி 21’ என்னும் ஆலை 1970களின் நடுப்பகுதியில் பணி தொடங்கியது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையால் கழிவுநீரைத் தூய்மையாக்கி நிலத்தடிக்கு அனுப்பிய முன்னோடி ஆலை அது. நுண்ணிய சவ்வின் ஊடே அழுத்தத்தால் நீரைச் செலுத்தும்போது, உப்பும் கிருமியும் பெரும்பாலான கரிமப் பொருள்களும் பின்தங்கிவிடும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெருமையோடு நடந்துவந்த அவ்வாலையின் அருகிலுள்ள கிணறுகளில், 2000ஆம் ஆண்டு என்.டி.எம்.ஏ. எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் நைட்ரோசோடைமெத்திலமின் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகுத்துள்ள பொருள்களுள் இது ஒன்று. மாவட்ட நீர்த்துறை இரண்டு கிணறுகளை உடனே மூடியது.

சவ்வு எல்லாவற்றையும் தடுக்கும் என்றிருந்த நம்பிக்கையை இப்பொருள் உடைத்தது. அதன் மூலக்கூறு மிகச் சிறியது, மின்னூட்டம் அற்றது, நீர் மூலக்கூற்றைப் போலவே சவ்வின் ஊடே நழுவக்கூடியது. அது வந்த வழி 2002ஆம் ஆண்டு தெளிவாயிற்று. பெர்க்லியில் வில்லியம் மிட்சும் டேவிட் செட்லாக்கும், அயோவாவில் சோயும் வாலண்டைனும் தனித்தனியே ஆராய்ந்து, குளோரமின் டைமெத்திலமின் என்னும் பொருளோடு வினைபுரியும்போது என்.டி.எம்.ஏ. பிறப்பதைக் காட்டினர். அதாவது, டிரைஹாலோமீத்தேனைக் குறைத்த அதே குளோரமின் இதனைப் பெற்றெடுத்தது. சவ்வின் மீது பாசி படியாதிருக்க ஆலைகளில் சேர்க்கப்படும் கிருமிநாசினியும் குளோரமினே என்பது இங்குக் கருதத்தக்கது.

மனிதர் உட்கொள்ளும் மருந்தும் இதற்கு இடந்தருகிறது. வயிற்றுப் புண்ணுக்காகப் பல ஆண்டுகள் கோடிக்கணக்கானோர் உண்ட ரானிடிடின் என்னும் மருந்து, குளோரமினோடு கூடும்போது என்.டி.எம்.ஏ.யை மிகுதியாகத் தருவதை 2011இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரு நகரின் கழிவுநீர் என்பது அந்நகரத்தாரின் சமையற்கட்டும் குளியலறையும் மருந்துப் பெட்டியும் சேர்ந்த ஒரு கலவையே ஆகும்.

இங்குப் பேசப்படும் அளவு மிக நுண்ணியது. கலிபோர்னியா மாநிலம் அறிவிப்பு வரம்பாகக் கொண்டது லிட்டருக்கு 10 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் நாற்பதை நிரப்பிய நீரில் ஒரு கிராம் கரைந்தால் உண்டாகும் அளவு அது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வகுத்த வழிகாட்டு மதிப்பு இதனினும் பத்து மடங்கு, அதாவது 100 நானோகிராம்.

தீர்வு ஒளியில் கிடைத்தது. என்.டி.எம்.ஏ. புறஊதாக் கதிரால் சிதையும். கிருமியை அடக்கப் போதுமான கதிரைவிடப் பன்மடங்கு வலிய கதிர் இதற்கு வேண்டும். 2008ஆம் ஆண்டு சனவரியில் ஆரஞ்சு மாவட்டம் தொடங்கிய புதிய நிலத்தடிநீர் நிரப்பு ஆலையில், நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், ஹைட்ரஜன் பெராக்சைடோடு கூடிய புறஊதாக் கதிர் என மூன்று படிகள் அமைந்தன. 2023இல் விரிவாக்கம் பெற்ற அவ்வாலை நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 கோடி லிட்டர் நீரைத் தரும் ஆற்றல் பெற்றது.

சிங்கப்பூரின் இரு முயற்சிகள்

ரூக் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1974ஆம் ஆண்டு, சிங்கப்பூரும் கழிவுநீரை மீட்டெடுக்கும் சோதனை ஆலை ஒன்றைத் தொடங்கியது. அன்றைய சவ்வுகள் விலை மிக்கவை, நம்பத்தக்கவையும் அல்ல. ஆகவே ஓராண்டுக்குச் சற்று மேல் நடந்த பின் அவ்வாலை கைவிடப்பட்டது. அதனைத் தோல்வி என்று கூறுவது பொருந்தாது. போதிய கருவி இல்லாதபோது நிறுத்துவதும் அறிவே ஆகும்.

சவ்வுகள் மலிவாகி உறுதியும் பெற்ற பின்னர், 2000ஆம் ஆண்டு மே மாதம் பிடோக்கில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீர் தரும் செயல்விளக்க ஆலை இயங்கத் தொடங்கியது. ஈராண்டுக் காலம் அந்நீரை ஏறத்தாழ 190 பண்புகள் குறித்துச் சோதித்தனர். கிருமிநீக்கத்தின் துணைவிளைபொருள்களும் அச்சோதனையில் ஒரு பிரிவாக இடம்பெற்றன. உள்நாட்டு, வெளிநாட்டு அறிஞர் குழு 2002இல் அந்நீர் குடிக்கத்தக்கது என்று அறிக்கை தந்தது. அவ்வாண்டுத் தேசிய தினத்தன்று மக்கள் அந்நீரைக் கையில் ஏந்திக் குடித்தனர். 2003 பிப்ரவரியில் பிடோக், கிராஞ்சி ஆலைகளின் நியூவாட்டர் நாட்டிற்கு முறைப்படி அறிமுகமாயிற்று. அந்நீரில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. ஒரு சிறு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து, மீண்டும் தூய்மை செய்யப்பட்டுக் குழாய்க்கு வருகிறது.

1974க்கும் 2000க்கும் இடைப்பட்ட காலத்தில் மாறியது சவ்வின் விலை மட்டுமன்று. நீரில் எதைத் தேட வேண்டும் என்ற அறிவும் வளர்ந்திருந்தது. முதல் சோதனை ஆலை எழுந்த ஆண்டில் டிரைஹாலோமீத்தேன் என்னும் சொல்லே நீர்த்துறையாருக்குப் புதிது. இரண்டாம் ஆலை எழுந்தபோதோ அது சோதனைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

இரு பக்கத்துப் பள்ளங்கள்

இவ்வரலாற்றைக் கற்போர் இரு பிழைகளினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். முதற்பிழை, துணைவிளைபொருளுக்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தையே கைவிடுவது. 1991ஆம் ஆண்டு சனவரியில் பெரு நாட்டில் வெடித்த வாந்திபேதி, அவ்வாண்டில் மட்டும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொன்றது. புற்றுநோய் அச்சத்தால் குளோரினைத் தவிர்த்ததே காரணம் என்று சிலர் எழுதினர். பழுதடைந்த குழாய்களும் வறுமையும் கவனக்குறைவுமே பெருங்காரணங்கள் என்று வேறு சிலர் மறுத்தனர். எவ்வாறாயினும், கிருமிநீக்கம் செய்யப்படாத நீர் அந்நாட்டின் நகரங்களில் நோயைச் சுமந்து சென்றது என்பதில் ஐயமில்லை. துணைவிளைபொருளின் தீங்கு வாழ்நாள் முழுதும் பரவிய ஒரு சிறு வாய்ப்பு. கிருமியின் தீங்கோ நாளையே வந்து சேர்வது.

இரண்டாம் பிழை, கிருமி செத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று கண்ணை மூடிக்கொள்வது. இதுவரை 700க்கும் மேற்பட்ட துணைவிளைபொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் வரம்பு விதிக்கப்பட்டவை மிகச் சிலவே. குளோரினிட்ட நீரை நெடுநாள் பருகியோரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று மிகுதி என்று பல ஆய்வுகள் சுட்டியுள்ளன. ஆயினும் எந்தப் பொருள் அதற்குக் காரணம் என்பது முடிவாகவில்லை. குளோரினுக்கு மாற்றாக வந்த ஓசோனும், நீரில் புரோமைடு இருப்பின் புரோமேட் என்னும் வேறொரு தீய பொருளைத் தருகிறது. ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கொள்வதால் மட்டும் இச்சிக்கல் தீருவதில்லை.

அப்படியாயின் தீர்வுதான் யாது? நூற்றாண்டு கால வரலாறு தரும் விடை எளியது. முதலில் அழுக்கை நீக்குக. பிறகு கிருமியைக் கொல்லுக. வடிகட்டலாலும் சவ்வாலும் கரித்துகளாலும் கரிமப் பொருள் எவ்வளவு நீக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குக் கிருமிநாசினியின் தேவையும் குறையும், துணைவிளைபொருளும் குறையும். ஜெர்சி நகரில் மிச்சப்படுத்திய கால்வாய்ச் செலவை, உலகம் வேறு வடிவில் கொடுத்தே தீரவேண்டியதாயிற்று. தூய்மைக்குக் குறுக்குவழி இல்லை என்பதனைச் செலவுக் கணக்கே கற்பித்தது.

அதனோடு சேர்ந்த மற்றொரு கடமை, அளந்துகொண்டே இருத்தல். ஜோலியும் ரூக்கும் கண்டவை அதற்கு முந்திய அறுபது ஆண்டுகளிலும் நீரில் இருந்தவைதாம். அளக்கும் கருவியும், அளக்க வேண்டும் என்னும் எண்ணமும் கூடியபோதே அவை வெளிப்பட்டன. ஆரஞ்சு மாவட்டத்தார் கிணறுகளை மூடியதும், அளந்த எண்ணை மறைக்காமல் ஏற்றதனாலேயாம். குழாயைத் திறந்து நீர் பருகும் மாணவர்க்கு அந்நீரின் பின்னே நிற்கும் மருத்துவரும் வேதியியலாரும் பொறியாளரும் தெரிவதில்லை. அவர்களுடைய உழைப்பை வகுப்பறையில் எடுத்துரைப்பது ஆசிரியர்தம் பணி. மாணவருள் சிலரேனும் நாளை அந்த ஆய்வுக்கூடங்களில் நின்று, இன்னும் பெயரிடப்படாத பொருள்களைத் தேடி அளக்க வேண்டியவர்கள்.